அடியிலிருந்து முதலாவது கோடு

"அன்புள்ள மகனுக்கு" என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். உன்னை நான் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "தம்பி" என்பேன், கோபம் வந்தால் "டேய்" என்பேன், வேலை அவசரமென்றால் விரலைச் சொடுக்குவேன். அதனால் விளிப்பு ஒன்றும் போடாமலே எழுதுகிறேன். நீ இப்போது அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நாளை பின்னேரம் கொழும்பு பஸ், மறுநாள் கட்டாருக்கு விமானம். பத்தடி நடந்தால் உன்னிடம் வந்து நேரே கதைத்துவிடலாம். கதைக்கவில்லை. நான் கதைத்தால் நீ "ஓம்" என்பாய், விடயம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். மூன்று வருடமாக எனக்கு உன்னிடமிருந்து கிடைப்பது அந்த ஒரு சொல்தான். சாப்பிட்டாயா, ஓம். பூட்டைப் பூட்டினாயா, ஓம். வெளிநாடு போகத்தான் போகிறாயா, ஓம்.

இதை மற்றவர்களும் வாசிக்கப்போகிறார்கள். ஒரு பிரதி நாளை காலை தோட்டஞ்செய்யும் கமக்காரர் சங்கத்து அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும், இன்னொன்றைப் பத்திரிகைக்கு அனுப்புவேன். போட்டால் போடட்டும். உன்மேல் நான் பழியைப் போட்டது நாலுபேர் நிற்கும்போது. அதை எடுப்பதை மட்டும் அறைக்குள் வைத்து இரகசியமாகச் செய்தால் அது இன்னொரு களவு. அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. "இஞ்சேருங்கோ, பிள்ளை போற நேரத்திலை ஊரெல்லாம் ஏன் வாசிக்கோணும்?" என்று கேட்டார். போனபிறகு எழுதினால் அது வீரமில்லை என்றேன். "வீரமோ? மூண்டு வருசம் கழிச்சு?" என்றார்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிற வயது இதில்லை, தெரியும். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு கலியாணம், இருபத்தொரு வயதில் உன்னைத் தூக்கினேன். எனக்கே தலை நரைக்கவில்லை, அதற்குள் தோளுக்கு மேலே வளர்ந்த பெடியனோடு ஒரே பட்டறையில் நின்றேன். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. ஆனால் நான் உன்னைப் பிள்ளையாக நடத்தியது குறைவு, போட்டிக்காரனாக நடத்தியது கூட. என் சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. உன் கை அதைவிடச் சுத்தமாக வேலை செய்தது. இரும்பு கடைகிற பழைய லேத்தை நான் வாங்கிவந்தபோது உனக்குப் பதினாலு வயது. அதன் சில்லுக் கைபிடியில் இருக்கும் அளவு வளையத்தில் கோடுகள் தேய்ந்து, பெயின்ற் போய், ஒன்றும் வாசிக்க முடியாமல் இருந்தது. நூறு கோடு. பள்ளிக்கூட விடுமுறையில் நீ ஊசிமுனையால் ஒவ்வொன்றாகக் கிளறி, ஒவ்வொன்றாகக் கறுப்பு நிரப்பினாய். ஒரு கிழமை எடுத்தது.

"நூறு கோட்டுக்கு ஒரு கிழமையோ? முழுக்கப் பூசித் துடைச்சா ஒரு மணித்தியால வேலை" என்றேன்.

"நீங்கள் துடைக்கிற மாதிரித் துடைச்சா, அது பூசாததுக்குச் சமன்" என்றாய்.

உன் பிடரியில் அடித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் இன்னும் பலமாக அடித்தேன். ஏழு வருடம் ஆகிறது. எண்ணெய், தூசு, வியர்வை, என் முரட்டுக் கை எல்லாம் பட்டும் அந்த நூறில் ஒரு கோடுகூட அழியவில்லை. நான் கடைந்த ஒவ்வொரு சாமானும் நீ நிரப்பிய கோட்டைப் பார்த்துக் கடைந்ததுதான். இதையும் நான் உன்னிடம் சொன்னதில்லை.

இனிப் பேணி விடயம். உனக்குத் தெரிந்த கதை, ஆனாலும் பலகையில் வாசிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது நான் சொன்ன பொய் மட்டும்.

எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கு மருந்தடிக்கிறவர்கள் சோடா மூடியால் அளந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கு மூன்று மூடி, இன்னொருத்தருக்கு "கண்மட்டம்". சங்கத்துக்காரர் வந்து, தேயாத அளவுப்பேணி நாற்பது செய்து தரமுடியுமா என்று கேட்டார்கள். செய்யலாம் என்றேன். எவர்சில்வர் பேணி, ஒரு குவளை அளவு. அதற்குள்ளே நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு எவர்சில்வர் பட்டி, ரிவெட் அடித்தது. பட்டியில் நாலு கோடு வெட்டியிருக்கும். ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு வகை மருந்துக்கு, மருந்தடிக்கிற ஒரு மெசின் தண்ணீருக்கான அளவு. கீழே இருப்பது புல்லு மருந்துக்கான கோடு, பயிருக்குள் களை கருக அடிப்பது, மிகக் குறைந்த அளவு. அதற்கு மேலே இருக்கும் இரண்டாவது கோடு அதைப்போல மூன்று மடங்கு. வடிவமைப்பு என்னுடையது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், மறைக்கமாட்டேன்.

கோடு வெட்டினால் மட்டும் போதாது. எவர்சில்வரில் வெட்டிய கோடு பட்டறை வெளிச்சத்தில் தெரியும். மத்தியான வெயிலில் தோட்டத்துக்குள் கொண்டுபோனால் தகடு முழுவதும் பளிச்சிட, கோடு காணாமல் போய்விடும். அதற்காகத்தான் பள்ளத்துக்குள் பெயின்ற் நிரப்புகிறோம். முதலில் தின்னரில் கழுவி எண்ணெய்ப்பசையை எடுக்கவேண்டும். பிறகு எனாமல் பெயின்ற்றைப் பள்ளத்துக்குள் இறங்கும்படி அழுத்திப் பூசவேண்டும், மேலே வழிந்தால் வழியட்டும். பிறகு பொறுக்கவேண்டும். பெயின்ற் மேலே பாலாடை மாதிரி ஒரு தோல் பிடிக்கும், அப்போது தடித்த மட்டையைக் கோட்டுக்குக் குறுக்கே சரித்து இழுத்து மேலே கிடப்பதை வழிக்கவேண்டும். குறுக்கே இழுத்தால் மட்டை பள்ளத்தைத் தாண்டிப் போகும். கோட்டின் நீளத்துக்கு இழுத்தால் பள்ளத்துக்குள் இறங்கி, உள்ளே இருப்பதையும் அள்ளிக்கொண்டு போய்க் கோட்டின் நுனியில் வால் மாதிரி இழுபட்டு நிற்கும். அதோடும் முடியவில்லை. சூடு காட்டி இறுகவைக்க வேண்டும். பூச்சி மருந்து, புல்லு மருந்து எல்லாவற்றிலும் தின்னர் மாதிரி ஒரு சரக்குக் கலந்திருக்கிறது. இறுகாத எனாமலை அது சாப்பிட்டுவிடும்.

இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தந்தது. நான் ஒருதடவை சொன்னேன், நீ ஒவ்வொரு தடவையும் செய்தாய். நான் சொன்னதோடு சரி.

நாலு கோட்டுக்கும் நாலு நிறம் வேண்டும் என்று நீ கேட்டாய். "அடிக்கோடு சிவப்பு அப்பா. சிவப்பைக் காணேல்லையெண்டா, ஏதோ பிழையெண்டு ஆருக்கும் விளங்கும்." நான் சொன்னது: "நாலு நிறமெண்டா நாலு நாள். எல்லாத்தையும் கறுப்பு அடி." கறுப்பு அடித்தாய். பழைய பிஸ்கற் தகரத்துக்குள் இரண்டு குண்டு பல்ப் பொருத்தி நீயே செய்த சூட்டுப்பெட்டியில் ஒரு தடவைக்கு எட்டுப் பட்டிதான் வைக்கலாம். நாலு தடவை வைத்து எடுத்தாய். முப்பத்திரண்டு முடிந்தது. எட்டு மிச்சம். அது மார்கழி, விடாத மழை. பூசி வைத்த எட்டுப் பட்டியிலும் தோலே பிடிக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்தில் சங்கக் கூட்டம், நாற்பது பேணியும் தருவேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். உனக்குப் பக்கத்தூர்த் திருநெல்வேலியில் வகுப்பு. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னாய்.

"அப்பா, இன்னும் காயேல்லை. உந்த எட்டையும் தொடாதேங்கோ. நாளைக்கு முப்பத்திரண்டைக் குடுப்பம், மிச்சத்தைத் திங்கள் குடுப்பம்."

"நாப்பதெண்டு சொன்னனான். நாப்பது குடுப்பன்."

"காயாததையோ?"

"நீ எனக்குப் படிப்பிக்கிறியோ? சைக்கிளை எடு, நேரம் போகுது."

நீ தெரு முடக்கில் திரும்பியிருக்க மாட்டாய், நான் எட்டுப் பட்டியையும் மேசைக்கு எடுத்துவிட்டேன். பழந்துணியைத் தின்னரில் நனைத்து, கோட்டின் நீளத்துக்கு ஒரே இழுவை. மட்டையை எடுக்கவில்லை, குறுக்கே இழுக்கவில்லை, சூடு காட்டவில்லை. கோடுகள் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தன. நுனிகளில் வால் இழுபட்டிருந்தது. கண்டேன். கண்டும் ரிவெட்டை அடித்தேன். எட்டுக்கும் சேர்த்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. நீ நனைந்துகொண்டு திரும்பி வந்தபோது பெட்டியைக் கட்டி முடித்துவிட்டேன். "எட்டும் காஞ்சதோ?" என்று கேட்டாய். "காஞ்சது" என்றேன். முதல் பொய் அது.

அடுத்தநாள் கூட்டத்தில் நான் எழும்பி நின்று விளக்கம் கொடுத்தேன். உனக்கு ஞாபகமிருக்கும், பின்வரிசையில் நின்றாய். "எழுத்துப் பாக்கத் தேவையில்லை, இலக்கம் பாக்கத் தேவையில்லை. அடியிலையிருந்து முதலாவது கோடு புல்லு மருந்து. அவ்வளவுதான்." யாரோ பின்னாலிருந்து, "பாஸ், சாராயத்துக்கு எத்தினையாவது கோடு?" என்றார். "அதுக்கு விளிம்பு மட்டும் வாருங்கோ" என்றேன். மண்டபமே சிரித்தது. படித்தவன் பாமரருக்கு விளங்கப்படுத்துகிறேன் என்ற தலைக்கனம் எனக்கு. அடிக்கோடு அழிந்துபோனால் அடியிலிருந்து முதலாவதாகத் தெரிவது இரண்டாவது கோடு என்பது எனக்கு உறைக்கவேயில்லை. சிவப்பு வேண்டும் என்று கேட்டவன் பின்வரிசையில் நின்றான்.

மாசியில் தம்பிராசா அண்ணை வந்தார். தோட்டக்காரர், அறுபது வயதுக்கு மேலே, கோபம் வந்தாலும் சத்தம் உயர்த்தாத மனிதர். கூடச் சங்கச் செயலாளர். பட்டறையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அண்ணை சால்வைக்குள்ளிருந்து பேணியை எடுத்து மேசையில் வைத்தார்.

"பாஸ், இதிலை முதலாவது கோடு எது? ஒருக்காத் தொட்டுக் காட்டும்."

தொட்டேன். விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. வெறும் எவர்சில்வர்.

"அதிலை ஒண்டும் இல்லையே, ராசா. எனக்கு முதலாவதாத் தெரியிறது இதுதான்." இரண்டாவது கோட்டை நகத்தால் தட்டினார். "வெங்காயத்துக்குள்ளை புல்லுக்கு இந்தளவு விட்டு அடிச்சனான். மூண்டாம் நாள் தாளெல்லாம் வெளிறிச் சாஞ்சு போச்சு. நாலு பரப்பு வெங்காயம். கிண்டிப் பாத்தா உள்ளை அவிஞ்சு கிடக்கு."

செயலாளர் கேட்டார்: "உதுக்குப் பெயின்ற் அடிச்சது ஆர்?"

பேணியின் மேல் கோடுகளில் என் வால்கள் இழுபட்டு நின்றன. எனக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில். எந்தப் பேணி, எந்த நாள், எந்தத் துணி என்று எனக்கு எல்லாம் தெரிந்தது. அடிக்கோடுதான் ஒவ்வொரு தடவையும் மருந்துக்குள் முழுதாக நிற்பது, அதனால் அதுதான் முதலில் கரைந்திருக்கிறது. பரீட்சைக் கேள்வி மாதிரி விடை வரிசையாக வந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"பெடியன் அடிச்சது. பழகிற பெடியன்தானே, அவசரப்பட்டிட்டான்."

என் குணத்தையே எடுத்து உனக்குப் போட்டேன். லேத்தை நிற்பாட்டிவிட்டு நீ வந்தாய். பேணியை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குச் சரித்தாய். ஒரு தடவை திருப்பினாய். வாலைக் கண்டாய். உன் மட்டை அப்படி வால் விடாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை, எனக்கு எழுத வராது. பிறகு பேணியை மெல்ல மேசையில் வைத்து, கையைத் துடைத்து, செயலாளரைப் பார்த்துச் சொன்னாய்: "ஓம்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தச் சொல்லின் வட்டி. "இனி எங்கடை சாமானிலை பெடியனைக் கைவைக்க விடாதேங்கோ" என்றார் செயலாளர். தலையாட்டினேன். சங்கத்து வேலை எனக்குத் தொடர்ந்து வந்தது. வருகிறவர்கள் சாமானை உன்னைத் தாண்டி என்னிடம் நீட்டினார்கள். பதினெட்டு வயதில் உனக்குத் தூக்குவதும் கூட்டுவதும் வேலையாயிற்று. சந்தித் தேத்தண்ணிக் கடையில் உனக்குப் பிளேன்ரீ வைக்கிறபோது, "தம்பி, இதிலை அடியிலையிருந்து முதலாவது கோடு எது?" என்று கேட்பார்கள். ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ காணவில்லை என்று இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருக்கிறேன். கண்டிருப்பாய்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அது உனக்குத் தெரியாது. அந்தக் கிழமையே மற்ற ஏழு பேணியையும் வீடு வீடாகப் போய் வாங்கிவந்தேன். ரிவெட் சரியில்லை என்று சொன்னேன், பதிலுக்குக் கடையில் விற்கிற பிளாஸ்டிக் குவளை கொடுத்தேன். ஏழிலும் என் வால். ஏழிலும் அடிக்கோடு அரைவாசி போயிருந்தது. தம்பிராசா அண்ணையின் பேணியையும் சேர்த்து எட்டையும் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். அதாவது, பிழை எங்கே என்று மற்றத் தோட்டங்களைக் காப்பாற்றுகிற அளவுக்குத் தெரிந்தது. உன்னைக் காப்பாற்றத் தெரியவில்லை. உன்னுடைய முப்பத்திரண்டும் இன்றைக்கும் பாவனையில் இருக்கின்றன. போன கிழமை இணுவிலில் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கட்டில் ஒன்றைக் கண்டேன். எடுத்துப் பார்த்தேன். மூன்று வருட மருந்துக்குப் பிறகும் நாலு கோடும் மை மாதிரிக் கறுப்பு.

பிறகு வெளிநாட்டு அலுவல் வந்தது. பயண நாள் குறித்த பிறகு, கடைசி நேரத்தில், கட்டாரில் உள்ள கம்பனி அனுபவக் கடிதம் கேட்டது, வேலை பார்த்த இடத்து முதலாளி எழுதவேண்டுமாம். நீ என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் சொல்லி அனுப்பினாய். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். உலோகத்தில் அளவுக்குறிகள் வெட்டுவதிலும் நிரப்புவதிலும் இவர் நம்பத்தக்கவர், இவர் செய்த வேலையில் ஒருபோதும் குறை காணப்படவில்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்து, முத்திரையும் குத்தினேன். நீ நின்றபடியே வாசித்தாய். மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லா எழுதியிருக்கிறியள். இதை இஞ்சை ஆருக்கும் காட்டேலாது, என்ன?"

மூன்று வருடத்தில் "ஓம்" இல்லாமல் நீ என்னிடம் சொன்ன ஒரே வசனம் அது. கண்ணாலே காணாத ஒரு கம்பனிக்காரனுக்கு உண்மையை முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன், ஊருக்குப் பொய்யை அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்தநாள் காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பிராசா அண்ணையின் தோட்டத்துக்குப் போனேன். அவர் வாய்க்கால் கட்டிக்கொண்டு நின்றார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, தின்னர், துணி, பொய், லாச்சி, எல்லாம். கேட்டு முடித்துவிட்டு ஒரு வரம்பை வெட்டித் தண்ணீரை மாற்றிவிட்டார்.

"பெடியனிட்டைச் சொன்னனீரோ?"

"அவனுக்குத் தெரியும் அண்ணை."

"அவனுக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும். அண்டைக்குப் பேணியைப் பாத்திட்டு உம்மைப் பாத்தவனெல்லே, நான் பக்கத்திலைதானே நிண்டனான். நான் கேக்கிறது, நீர் சொன்னனீரோ?"

"இல்லை."

"பின்னை என்னட்டை ஏன் வந்தனீர்? என்ரை வெங்காயம் அடுத்த போகமே முளைச்சிட்டுது." 

அப்போதே தெரிந்திருந்தால் ஏன் அண்ணை ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குள் ஒரு சின்ன ஆசை, பழியில் கொஞ்சத்தை அவர் தலையிலும் வைக்கலாமா என்று. பார்த்தாயா, அப்போதும்.

"தேப்பன் பழி போடுறான், மகன் ஓமெண்டுறான். நடுவிலை பூந்து நான் என்ன கதைக்கிறது?" என்றார். "ஆனா ஒண்டு பாஸ். அண்டையிலையிருந்து உம்மட்டை நான் ஒரு சாமானும் செய்விக்கேல்லை. அதை நீர் கவனிக்கேல்லைப்போலை."

கவனிக்கவில்லைத்தான்.

அந்த "ஓம்" என்ன என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். தகப்பனை நாலுபேருக்கு முன்னால் கீழே விழுத்தக்கூடாது என்று சொன்னாயா? அல்லது இந்த ஆளோடு இனிக் கதைத்துப் பிரயோசனமில்லை என்று சொன்னாயா? காப்பாற்றச் சொன்னதென்றால் அதற்கு நான் தகுதியில்லை. தண்டிக்கச் சொன்னதென்றால், உன் மற்ற வேலைகளைப் போல அதுவும் சுத்தமான வேலை, மூன்று வருடமாக அழியவில்லை. மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டால் அதற்கும் நீ "ஓம்" என்றுவிடுவாய்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்லுவேன், வாய் சும்மா இராது. போகிற இடத்தில் என்னை மாதிரி ஒருத்தன் உனக்கு மேலே இருப்பான். சான்றிதழ் வைத்திருப்பான், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கதைப்பான், "இன்றைக்கே வேண்டும்" என்பான். அவனுக்கு நீ காயவில்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகாதே. பட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. நீ செய்கிற சாமானின் பின்பக்கத்தில், ஆருக்கும் தெரியாத ஒரு மூலையில், உன் அடையாளம் ஒன்றை வெட்டு. பெருமைக்கில்லை, நாளைக்கு எவனாவது உன் பெயரைச் சொன்னால் திருப்பிக் காட்டுவதற்கு. நீ செய்யாததற்கு ஆருக்காகவும் ஓம் சொல்லாதே. தகப்பனுக்காகவும் சொல்லாதே, நாளைக்கு உனக்குப் பிறக்கிற பிள்ளைக்காகவும் சொல்லாதே. நீ சொல்லிப்போட்டுப் போய்விடுவாய். கேட்டவன் அதற்குள்ளேயே குந்திக்கொள்வான், நான் குந்திக்கொண்ட மாதிரி.

சங்கத்துக்காரருக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேணியை அவசரப்பட்டுத் துடைத்தது நான். பொய் சொன்னது நான். இனித் தேத்தண்ணிக் கடையில் முதலாவது கோடு எது என்று கேட்க விரும்புகிறவர்கள் என்னைக் கேட்கலாம். பின்னேரங்களில் அங்கேதான் இருப்பேன்.

கடைசியாக ஒரு வேலை விடயம். தோட்டத்திலிருந்து வந்த அன்றே லாச்சியைத் திறந்தேன். எட்டுப் பேணியிலும் ரிவெட்டைத் துளைத்துப் பட்டியைக் கழற்றினேன். பள்ளங்களை ஊசியால் கிளறித் தின்னரில் கழுவினேன். நாலு நிறம். முதல்நாள் மேற்கோட்டுக்கு வெள்ளை, அடுத்தநாள் பச்சை, நேற்று நீலம். மட்டையால், குறுக்கே. ஒவ்வொரு நிறத்துக்கும் உன் பிஸ்கற் தகரத்துக்குள் வைத்துச் சூடு காட்டினேன். முதல் மூன்று நிறத்திலும் எனக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைக்காதே. வெள்ளையை இரண்டு தடவை அவசரப்பட்டு இழுத்துக் கெடுத்து, திரும்பக் கிளறிப் பூசினேன். நீலத்தில் பிந்திப் போய், மேலே கிடந்ததும் கல்லாகிவிட்டது, அரம் பிடித்துத் தேய்க்கவேண்டி வந்தது. தோல் பிடித்து உள்ளே இளக்கமாக இருக்கிற அந்த நேரம் எப்போது வருகிறது என்று எனக்குத் தெரியாது. கல்லூரியில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தேன், உனக்குச் சொல்லியும் தந்தேன். ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை.

அடிக்கோட்டுக்குச் சிவப்பு இன்று மத்தியானம்தான் பூசினேன். எட்டும் பட்டறை மேசையில் வரிசையாகக் கிடக்கின்றன. வானமும் இருட்டிக்கொண்டு வருகிறது, இன்றைக்குக் காயுமோ தெரியாது. இந்தக் கடிதத்தின் உன் பிரதியை இப்போது கதவுக்குக் கீழால் தள்ளுகிறேன். நாளை பஸ்ஸுக்குப் போகமுதல் ஒருக்காப் பட்டறைக்கு வா. என்னோடு கதைக்கத் தேவையில்லை. விரல் முதுகால் தொட்டுப் பார்த்துவிட்டு, துடைக்கலாமென்றால் துடைக்கலாம் என்று சொல்லு. காயாவிட்டால், அன்றைக்கு வாசலில் நின்று சொன்ன மாதிரியே, காயேல்லை என்று சொல்லு. நீ பஸ் ஏறின பிறகும் கை வைக்கமாட்டேன்.